சிறுதேர்

நுழையும்முன்

விலை கொடுத்து வாங்கும் பரிசு நொடிப்பொழுதில் கைமாறிவிடும். கையால் செய்து கொடுக்கும் பரிசிலோ, அதைச் செய்தவர் செலவிட்ட பொழுதும் சேர்ந்தே வருகிறது. அந்தப் பொழுதின் அருமையைத் தில்லியில் தமிழர் வாழ்ந்த ஒரு குடியிருப்பின் வழியாக இப்பாடம் எடுத்துரைக்கிறது.

வடிகால் கரையில் ஓர் ஊர்

தில்லியில் ஜங்க்புராவை ஒட்டி, பாராபுல்லா வடிகாலின் கரையில் 'மதராசி கேம்ப்' என்னும் குடியிருப்பு இருந்தது. 1960களின் இறுதியிலிருந்து பிழைப்புத் தேடித் தமிழ்நாட்டினின்று வந்த குடும்பங்கள் அங்கே குடிசை அமைத்துத் தங்கின. 1969ஆம் ஆண்டு சென்னை மாநிலம் 'தமிழ்நாடு' எனப் பெயர் மாற்றம் பெற்றது. ஆயினும் வடநாட்டார் நாவில் 'மதராசி' என்ற பழைய சொல்லே நிலைத்திருந்தது. குடியிருப்பின் பெயரும் அவ்வாறே அமைந்தது.

அங்கு வாழ்ந்த பெண்களுள் பலர் சுற்றியிருந்த குடியிருப்புகளில் வீட்டுவேலை செய்தனர். ஆண்கள் வாகனம் ஓட்டியும் கூலிவேலை செய்தும் பொருள் ஈட்டினர். பிள்ளைகளுள் பலர் தில்லித் தமிழ்க் கல்விக் கழகப் பள்ளிகளில் பயின்றனர். வீட்டில் தமிழும் தெருவில் இந்தியும் ஒலித்தன.

வீடுகள் சிறியவை, வசதிகள் குறைவு. ஆனால் வேலை செய்யும் இடங்கள் பலருக்கு அருகிலேயே இருந்தன. காலையில் நான்கு வீடுகளில் பாத்திரம் துலக்கிய தாய், பிள்ளைகள் பள்ளியிலிருந்து வருவதற்குள் வீடு திரும்ப முடிந்தது. இது சிறிய செய்தியாகத் தோன்றலாம். அந்தக் குறைந்த தொலைவே பிள்ளைகளுக்குப் பெற்றோரின் பொழுதைக் கொடுத்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை

அங்கு வாழ்ந்த ஒரு குடும்பத்தை மனத்தில் கற்பனை செய்து பாருங்கள். தந்தை ஓட்டுநர், தாய் வீட்டுவேலை செய்பவர். ஆறாம் வகுப்புப் படிக்கும் மகள், நான்கு வயது மகன், ஊரிலிருந்து வந்து தங்கியிருக்கும் பாட்டி ஆகியோரும் உடன் இருக்கின்றனர். மறுநாள் தம்பியின் பிறந்தநாள். கடையில் கண்ட பொம்மைக் காரின் விலையைக் கேட்டுவிட்டுத் தந்தை வெறுங்கையுடன் திரும்பியிருந்தார்.

"அப்பா, நாமே ஒரு வண்டி செய்யலாமா?" என்று மகள் கேட்டாள்.

வீட்டில் கிடைத்த பொருள்கள் திரட்டப்பட்டன. வார் அறுந்த ஒற்றை ரப்பர் செருப்பு, பழப்பெட்டியின் பலகைத் துண்டு, சைக்கிள் சக்கரக் கம்பி, மை தீர்ந்த பேனாவின் குழாய் ஆகியவை தரையில் பரப்பப்பட்டன. செருப்பின்மேல் டம்ளரைக் கவிழ்த்துத் தந்தை நான்கு வட்டங்கள் வரைந்தார். மூன்றைத் தாமே வெட்டினார். நான்காவதைத் தான் வெட்ட வேண்டும் என்று மகள் பிடிவாதம் பிடித்தாள். கத்தரிக்கோல் கோட்டைவிட்டு விலகியது, வட்டம் சிதைந்தது. மகளின் கண்கள் கலங்கின.

"போனால் போகட்டும் கண்ணு. மூன்று சக்கரத்தில் ஓடாதா என்ன? ஆட்டோ ஓடுகிறதே!" என்றார் தந்தை.

தந்தை தனியாகச் செய்திருந்தால் அரைமணி நேரத்தில் வேலை முடிந்திருக்கும். மகளுடன் செய்ததால் பிற்பகல் முழுவதும் கழிந்தது. சக்கரங்களின் ஓரங்களை அவள் சிமெண்ட் தரையில் தேய்த்து வழவழப்பாக்கினாள். கம்பியைப் பேனாக் குழாய்க்குள் செலுத்தி, குழாயைப் பலகையின் அடியில் கட்டினார் தந்தை. சக்கரம் கழன்றுவிடாமல் இருக்கக் கம்பியின் முனையில் சிறு ரப்பர்த் துண்டைச் செருகினார்.

"இதற்கு என்ன பெயர் அப்பா?"

"கடையாணி. ஊரில் தாத்தாவின் மாட்டுவண்டியில் இரும்பில் இருக்கும்."

அருகில் அமர்ந்திருந்த பாட்டி தம் இளமையை நினைவுகூர்ந்தார். நுங்கைத் தின்றபின் எஞ்சும் காய்கள் இரண்டை ஒரு குச்சியால் இணைத்து, கவைக்கம்பால் தள்ளிச் சிறுவர் நுங்குவண்டி ஓட்டுவார்கள். பனங்குருத்து ஓலையில் கிலுகிலுப்பையும் காற்றாடியும் செய்வார்கள். தில்லி வீதியில் பனைமரம் ஏது? ஆனால் அச்சு, கடையாணி, கவை, குருத்தோலை என்னும் சொற்கள் அந்தப் பிற்பகலில் ஒரு சிறுமியின் சொற்களாயின. எழுத்தைப் பள்ளி கற்பித்தது. இச்சொற்களைக் கை வேலையும் பாட்டியின் பேச்சும் கற்பித்தன.

பழந்தமிழரின் சிறுதேர்

அச்சிறுமி அறியாமலேயே மிகப் பழைய மரபு ஒன்றைத் தொடர்ந்திருந்தாள். சங்க இலக்கியமான பட்டினப்பாலை, காவிரிப்பூம்பட்டினத்துச் சிறுவர் உருட்டிய மூன்று சக்கரச் சிறுதேரைப் பற்றிக் கூறுகிறது. முற்றத்தில் உலரும் உணவுப்பொருளைத் தின்ன வந்த கோழியை விரட்ட ஒரு பெண் தன் காதணியை எறிகிறாள். அது சிறுதேரின் வழியை மறிக்கிறது. அந்நூலை இயற்றிய கடியலூர் உருத்திரங்கண்ணனாரே பெரும்பாணாற்றுப்படையையும் பாடினார். தச்சர் செய்த, ஏறிச் செல்ல இயலாத சிறிய தேரைப் பிள்ளைகள் உருட்டி விளையாடுவதை அதில் காணலாம். பிற்காலத்தில் தோன்றிய ஆண்பாற் பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களுள் இறுதியானது சிறுதேர்ப் பருவம் ஆகும். குழந்தையின் விளையாட்டுப் பொருளுக்கு இலக்கியத்தில் இடம் அளித்தது தமிழ்.

நம் காலத்திலும் இதன் பெருமையை உணர்த்தியவர்கள் உள்ளனர். கான்பூர் ஐ.ஐ.டி.யில் பொறியியல் பயின்ற அரவிந்த் குப்தா, 1970களின் இறுதியில் மத்தியப் பிரதேசத்துக் கிராமப் பள்ளிகளின் அறிவியல் திட்டத்தில் பங்கேற்றார். தீக்குச்சிகளையும் சைக்கிள் வால்வுக் குழாய்த் துண்டுகளையும் கொண்டு வடிவங்கள் அமைக்கக் காட்டினார். எறியப்படும் பொருள்களிலிருந்து பொம்மைகள் செய்யும் முறைகளை நாடெங்கும் பரப்பிய அவருக்கு 2018ஆம் ஆண்டு பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. செய்து பார்க்கும் குழந்தை, சக்கரம் ஏன் சுழல்கிறது என்பதையும் ஏன் நிற்கிறது என்பதையும் தானே கண்டறிகிறது.

தொலைவு கொண்டுபோன பொழுது

மழைக்காலத்தில் நீர் தேங்குவதைத் தடுக்க வடிகால் தடையின்றி ஓட வேண்டும் என்னும் காரணத்தால், தில்லி உயர் நீதிமன்ற ஆணையின்படி, 2025 ஜூன் 1 அன்று மதராசி கேம்ப் இடிக்கப்பட்டது. அங்கிருந்த ஏறத்தாழ 370 வீடுகளுள் பாதிக்குச் சற்று மேற்பட்டவையே மாற்று வீட்டுக்குத் தகுதி பெற்றன. அவர்களுக்கு நகரின் வடகோடியிலுள்ள நரேலாவில் அடுக்குமாடி வீடுகள் ஒதுக்கப்பட்டன. ஏனையோர் வேறு இடம் தேட வேண்டியதாயிற்று.

ஜங்க்புராவிலிருந்து நரேலா சுமார் 40 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. நாம் கற்பனை செய்த குடும்பம் அங்கே குடியேறியது எனக் கொள்வோம். சுவர் உறுதியானது, கூரை ஒழுகாது. ஆனால் தந்தையின் வேலை பழைய இடத்திலேயே இருக்கிறது. அவர் விடியுமுன் புறப்படுகிறார்; பிள்ளைகள் உறங்கியபின் திரும்புகிறார். தாயும் நெடுந்தொலைவு செல்கிறார். ஒரு குடும்பம் எதை இழந்தது என்று கணக்கிடும்போது சுவரையும் கூரையையும் எண்ணுகிறோம். பேருந்தில் கரையும் மணிநேரங்களை எவரும் எண்ணுவதில்லை.

சாமான்களை ஏற்றி இறக்கியதில் சிறுதேரின் ஒரு சக்கரம் தொலைந்துபோயிற்று. தம்பி அழுதான். அக்காள் மற்றொரு பழைய செருப்பை எடுத்து, டம்ளரைக் கவிழ்த்து வட்டம் வரைந்தாள். "நான்தான் வெட்டுவேன் அக்கா!" என்றான் தம்பி. அவள் சற்றுத் தயங்கினாள். பிறகு கத்தரிக்கோலை அவன் கையில் கொடுத்து, அதன்மேல் தன் கையை வைத்துக்கொண்டாள். முதல் வட்டம் சிதைந்தது. "போனால் போகட்டும்" என்று சொல்லி, இன்னொன்று வரைந்தாள்.

இரவில் வீடு திரும்பிய தந்தை, தரையில் கிடந்த ரப்பர்த் துணுக்குகளைக் கண்டார். சிறுதேர் மீண்டும் மூன்று சக்கரங்களில் நின்றுகொண்டிருந்தது. புதிய சக்கரம் மட்டும் சற்றுக் கோணலாக இருந்தது. அவர் அதைத் திருத்த முற்படவில்லை.

ஒரு பிற்பகலை அவசரமின்றிக் குழந்தைக்குக் கொடுத்தால், அக்குழந்தை அதனை மற்றொரு குழந்தைக்குக் கொடுக்கும். அந்தப் பொழுதை அளிக்கும் வாய்ப்பு எல்லாக் குடும்பத்திற்கும் கிட்ட வேண்டும்.

பொருள் அறிவோம்

கடையாணி – அச்சிலிருந்து சக்கரம் கழலாமல் தடுக்கும் ஆணி
கவைக்கம்பு – நுனி இரண்டாகப் பிரிந்த கம்பு
துணுக்கு – சிறு துண்டு

விடை தருக

1. 'மதராசி கேம்ப்' என்னும் பெயர் எவ்வாறு அமைந்தது?
2. வேலையிடம் அருகில் இருந்ததால் பிள்ளைகள் பெற்ற நன்மை யாது?
3. சிறுமி செய்த வண்டிக்கும் பட்டினப்பாலை கூறும் சிறுதேருக்கும் உள்ள ஒற்றுமையை எழுதுக.
4. கோணலான சக்கரத்தைத் தந்தை ஏன் திருத்தவில்லை? உம் கருத்தை ஐந்து வரிகளில் எழுதுக.

செய்து பார்ப்போம்

வீட்டில் பயன்படாத பொருள்களைக் கொண்டு, வீட்டுப் பெரியவர் ஒருவருடன் சேர்ந்து ஒரு விளையாட்டுப் பொருள் செய்க. அப்போது அவரிடமிருந்து கற்ற தமிழ்ச் சொற்களைப் பட்டியலிடுக.