பேனலில் இடம் இருக்கிறது, தெம்பு இருக்கிறதா?

நூற்பாலையோ சாயப்பட்டறையோ ஃபவுண்டரியோ, ஆர்டர் கூடினால் அடுத்த மெஷின் வந்துவிடும். அது லாரியிலிருந்து இறங்கிய பிறகுதான் மின்சாரத்தை எங்கிருந்து எடுப்பது என்ற பேச்சு எழும். மோட்டார் கன்ட்ரோல் பேனலின் கீழ் வரிசையில் ‘ஸ்பேர்’ என்று எழுதிய ஓர் அறை காலியாகக் கிடக்கும். “அதான் இடம் இருக்கே” என்பதோடு விவாதம் முடிந்துவிடும். கோவை, திருப்பூர், கரூர் வட்டாரத்துச் சிறு ஆலைகளில் பேனலைக் கூட்டுவது, மாற்றுவது பற்றி உலவும் நம்பிக்கைகள் பலவற்றுக்கு இந்த ஒரு வாக்கியமே தாய். பேனலைத் தனித்தனிச் சாமான்களை அடுக்கிவைக்கும் பீரோவாகப் பார்க்கும் பார்வை அது. ஒரு தட்டில் எதையாவது வைத்தால் மற்றத் தட்டுகளுக்கு என்ன ஆகப்போகிறது?

நிறையவே ஆகும். தாழ்மின்னழுத்தப் பேனல்களுக்கான ஐ.இ.சி. 61439 தரநிலை இந்தியாவிலும் ஐ.எஸ்./ஐ.இ.சி. 61439 என்ற பெயரில் ஏற்கப்பட்டிருக்கிறது. உள்ளே இருக்கும் பிரேக்கருக்கும் கான்டாக்டருக்கும் தனித்தனியாகச் சான்றிதழ் இருந்தால் போதும் என்று அது விட்டுவிடுவதில்லை. எல்லாவற்றையும் ஒரே பெட்டிக்குள் பூட்டிய பிறகு வெப்பம் எவ்வளவு ஏறுகிறது, ஷார்ட் சர்க்யூட் நேர்ந்தால் பஸ்பார் தாங்குமா, எர்த் தொடர்ச்சி அறுபடாமல் இருக்குமா என்று மொத்தப் பேனலையும் ஓர் உருப்படியாக நிறுத்திச் சரிபார்க்கச் சொல்கிறது. சரிபார்த்த பேனலில் பின்னால் ஏதாவது மாற்றினால், அந்த மாற்றம் தொடும் அம்சங்களை மறுபடி சரிபார்த்தாக வேண்டும். அந்த மாற்றத்தைப் பொறுத்தவரை, செய்தவரே தயாரிப்பாளரின் பொறுப்பை ஏற்கிறார். ஒரு மதிய நேரத்தில் ஹோல்சா வைத்துக் கதவில் ஓட்டை போடும் எலெக்ட்ரீஷியனுக்கு இப்படியொரு பதவி உயர்வு கிடைத்திருப்பதை யாரும் சொல்வதில்லை.

காலி அறைக் கணக்கை எண்களில் பார்ப்போம். 400 ஆம்ப்ஸ் பஸ்பார் உள்ள பேனலில் இப்போதைய லோடு 330 ஆம்ப்ஸ். புது மெஷினின் 30 ஹெச்.பி. மோட்டார் 415 வோல்ட்டில் ஏறக்குறைய 40 ஆம்ப்ஸ் இழுக்கும். கூட்டினால் 370, இன்னும் 30 மிச்சம். கூட்டல் சரிதான். ஆனால் பஸ்பாரிலும் ஜாயின்ட்டிலும் உண்டாகும் வெப்பம் மின்னோட்டத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடுகிறது. 330 என்பது 370 ஆகும்போது மின்னோட்டம் 12 விழுக்காடு ஏறினால் வெப்பம் 25 விழுக்காட்டுக்கு மேல் ஏறிவிடும். புது கான்டாக்டரும் ஓவர்லோடு ரிலேயும் தம் பங்குக்கு அதே பெட்டியைச் சூடாக்கும். அந்த 400 என்ற எண்ணே, சுற்றுப்புற வெப்பம் நாள் சராசரி 35, உச்சம் 40 டிகிரி என்று வைத்துக்கொண்டு போட்டது. கரூரிலும் வேலூரிலும் மே மாதம் வெளியிலேயே 40-ஐத் தாண்டும். தகரக் கூரைக்குக் கீழே, பஞ்சுத் தூசி அடைத்த ஃபில்டரோடு நிற்கும் பேனலுக்குள் என்ன இருக்கும் என்பதைக் கணக்கில் எடுக்காமல், மிச்சம் 30 ஆம்ப்ஸ் என்று சொல்ல முடியாது.

இங்கே ஒரு நியாயமான எதிர்வாதம் உண்டு: எல்லா மோட்டாரும் ஒரே நேரத்தில் முழு லோடில் ஓடுவதில்லையே? உண்மை. தரநிலையும் இதை ஒப்புக்கொள்கிறது. லோடு விவரம் தெரியாத நிலையில் 100 கிலோவாட் வரையிலான மோட்டார் ஃபீடர்களுக்கு 0.8 என்ற குறைப்பு எண்ணை எடுத்துக்கொள்ள இடம் தருகிறது. சிக்கல் என்னவென்றால், பேனலை முதலில் வடிவமைத்தவர் இந்தச் சலுகையைப் பெரும்பாலும் ஏற்கெனவே செலவழித்திருப்பார். பஸ்பாரை 400-இல் நிறுத்தியதே அந்த 0.8-ஐ வைத்துத்தான் என்றால், அதே சலுகையை இரண்டாம் முறை எடுக்க முடியாது. தொழிலுக்குத் தொழில் நிலைமையும் மாறும். சாயப்பட்டறையில் மெஷின்கள் முன்னும் பின்னுமாக ஓடலாம். நூற்பாலையில் ரிங் ஃபிரேம்கள் மூன்று ஷிப்டும் சேர்ந்தே ஓடும். அங்கே இந்த வாதத்துக்கு வேலையே இல்லை. எது உண்மை என்பதைக் கோடையில் ஒரு வாரம் முழுக்க லோடைப் பதிவுசெய்து பார்த்தால்தான் தெரியும். டீ நேரத்தில் கிளாம்ப் மீட்டரை ஒரு தடவை மாட்டிப் பார்த்த எண் சான்றாகாது.

வெப்பமாவது மெதுவாக வரும் ஆபத்து, நிறம் மாறிக் காட்டும், வாடை வரும். முன்னறிவிப்பே தராத ஆபத்து இன்னொரு நம்பிக்கைக்குள் இருக்கிறது: “டிரான்ஸ்ஃபார்மரைப் பெரிசு பண்ணியாச்சு, இனி பயமில்லை.” விரிவாக்கத்தின்போது 250 கே.வி.ஏ. டிரான்ஸ்ஃபார்மரை எடுத்துவிட்டு 500 வைப்பது சாதாரணம். லோடு தாங்கும், வோல்டேஜ் சரியாது, மோட்டார் ஸ்டார்ட் ஆகும்போது விளக்கு மங்காது. எல்லாம் நல்லதுதான். ஆனால் ஷார்ட் சர்க்யூட் நேர்ந்தால் எவ்வளவு மின்னோட்டம் பாயும் என்பதையும் டிரான்ஸ்ஃபார்மரே தீர்மானிக்கிறது. 433 வோல்ட், 250 கே.வி.ஏ. டிரான்ஸ்ஃபார்மரின் முழுச்சுமை மின்னோட்டம் 333 ஆம்ப்ஸ். அதன் இம்பீடன்ஸ் 4.5 விழுக்காடு என்றால், முனையில் பாயக்கூடிய ஷார்ட் சர்க்யூட் மின்னோட்டம் 7.4 கிலோஆம்பியர். 500 கே.வி.ஏ. வைத்தால் அதுவே 14.8. பஸ்பார்களுக்கு இடையே எழும் விசையும் இருமடிக் கணக்குதான் என்பதால் குறைந்தது நான்கு மடங்காகிறது. பேனலுக்குள் ஒரு திருகுகூட மாறியிருக்காது. ஆனால் அந்தப் பழைய பஸ்பாரைத் தாங்கும் இன்சுலேட்டர்கள் இப்போது நான்கு மடங்கு உதைக்கு ஈடுகொடுக்க வேண்டும்.

இதில் 10 கிலோஆம்பியர் என்பது வெறும் இடைப்பட்ட எண் இல்லை. ஷார்ட் சர்க்யூட் மின்னோட்டம் 10 கிலோஆம்பியருக்குள் இருக்கும் இடத்தில் வைக்கும் பேனலின் தாங்குதிறனைத் தனியாகச் சரிபார்க்கத் தேவையில்லை என்று தரநிலை விலக்கு அளிக்கிறது. அந்த விலக்கில் செய்யப்பட்ட பேனல், டிரான்ஸ்ஃபார்மர் மாறிய அன்றே விலக்குக்கு வெளியே போய்விடுகிறது. அதன் தாங்குதிறனை முன்பும் யாரும் பார்த்ததில்லை, இப்போதும் பார்ப்பதில்லை. உள்ளே இருக்கும் எம்.சி.பி.க்களில் வழக்கமாகக் காணப்படும் துண்டிப்புத் திறனும் 10 கிலோஆம்பியர்தான். 14 கிலோஆம்பியரை அறுக்கச் சொன்னால் அது அறுக்கும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை, உடைந்தும் போகலாம். நடுவில் ஓடும் கேபிள் மின்னோட்டத்தைக் குறைக்குமே என்பார்கள். குறைக்கும், நீளமான, மெல்லிய கேபிள் என்றால் கணிசமாகவே குறைக்கும். ஆனால் மெயின் பேனல் பெரும்பாலும் டிரான்ஸ்ஃபார்மருக்குப் பக்கத்து அறையில், தடித்த கேபிளோடு நிற்கிறது. ஓடிக்கொண்டிருக்கும் மோட்டார்களும் பழுது நேர்ந்த முதல் சில கணங்களில் தம் பங்குக்கு மின்னோட்டத்தைத் திருப்பி அனுப்பும். எனவே கேபிள் எவ்வளவு குறைக்கிறது என்பதையும் கணக்குப் போட்டுத்தான் சொல்ல வேண்டும், நம்பிச் சொல்லக் கூடாது. ஈ.பி.யில் கூடுதல் லோடுக்கு அனுமதி வாங்கியாயிற்று என்பதும் இங்கே பதிலாகாது. எவ்வளவு மின்சாரம் எடுக்கலாம் என்பதற்குத்தான் அந்த அனுமதி. உள்ளே இருக்கும் எம்.சி.பி. எத்தனை கிலோஆம்பியரைத் துண்டிக்கும் என்பதற்கு அதில் பதில் இருக்காது.

அடுத்தது கடைவீதியில் பிறக்கும் நம்பிக்கை: “அதே ஆம்ப்ஸ்தானே, எந்த கம்பெனி கான்டாக்டராக இருந்தால் என்ன?” ஹீட்டர் போன்ற லோடுக்கு ஏ.சி.-1, கூண்டுச் சுழலி மோட்டாருக்கு ஏ.சி.-3 என்று கான்டாக்டருக்கு இரண்டு கணக்கு உண்டு. மோட்டாருக்கு 18 ஆம்ப்ஸ் மட்டுமே தகுதியான கான்டாக்டரின் மேல் 32 என்ற எண்ணும் அச்சிட்டிருக்கும், அது ஏ.சி.-1 எண். நேரடி ஸ்டார்ட்டில் மோட்டார் ஆறேழு மடங்கு மின்னோட்டம் இழுக்கும், புதிய ஐ.இ.3 மோட்டார்களில் அதற்கும் மேலே போகலாம். பெரிய எண்ணைப் பார்த்து வாங்கியவரின் கான்டாக்ட் முனைகள் சீக்கிரமே ஒட்டிக்கொள்ளும். ஒட்டிக்கொண்ட கான்டாக்டர் ஸ்டாப் பட்டனுக்கு மசியாது. எண் சரியாகவே இருந்தாலும் வேலை முடியவில்லை. ஃப்யூஸ் அல்லது பிரேக்கர், கான்டாக்டர், ரிலே மூன்றையும் ஒரு செட்டாகச் சோதித்தே ‘டைப் 2’ ஒருங்கிணைப்பு என்று தயாரிப்பாளர் அட்டவணை தருகிறார். ஷார்ட் சர்க்யூட்டுக்குப் பிறகும் ஸ்டார்ட்டர் மறுபடி வேலைக்கு ஆகும் என்பது அதன் பொருள். மூன்றில் ஒன்றை வேறு கம்பெனிக்கு மாற்றினால் அந்த அட்டவணை செல்லாது. நல்ல கம்பெனிச் சாமானாகவே இருக்கட்டும், சோதிக்காத கூட்டணி சோதிக்காததுதான்.

“டிரிப் ஆகவில்லை, அதனால் எல்லாம் சரி” என்பதும் இதே வகை. ரிலே டிரிப் ஆகாமல் இருப்பதற்குக் காரணம் லோடு குறைவாக இருப்பது மட்டுமா? செட்டிங்கைத் திருகி ஏற்றியும் அதைச் சாதிக்கலாம். ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டரில் இது அடிக்கடி நடக்கக்கூடிய தவறு. 50 ஹெச்.பி. மோட்டாரின் பெயர்ப்பலகையில் 70 ஆம்ப்ஸ் என்று இருக்கும். ரிலே வைண்டிங்கோடு தொடராக மாட்டியிருந்தால் செட்டிங் அதில் 0.58 பங்கு, அதாவது 40 ஆம்ப்ஸ் அளவில் இருக்க வேண்டும். பலகையைப் பார்த்து 70-இல் வைத்தால், லைனில் 121 ஆம்ப்ஸ் போகும்வரை அந்த ரிலே அசையாது. மோட்டார் கருகும், பேனல் மட்டும் அமைதியாக இருக்கும்.

பழைய ஸ்டார்ட்டரை எடுத்துவிட்டு வி.எஃப்.டி. டிரைவ் வைப்பதும் ஒரு மாற்றம்தான், சேமிப்பு என்ற பெயரில் நுழைவதால் யாரும் சந்தேகப்படுவதில்லை. 37 கிலோவாட் டிரைவ் முழு லோடில் ஒரு கிலோவாட் அளவுக்கு வெப்பத்தை அதே பெட்டிக்குள் கக்கும். அதற்காகக் கதவில் ஃபேனுக்கு ஓட்டை போட்டால் தூசித் தடுப்பு போய்விடும். டிரைவ் உண்டாக்கும் ஐந்தாம், ஏழாம் ஹார்மோனிக்குகள் பவர் ஃபேக்டர் கெப்பாசிட்டர்களைத் தேடிப் போய்ச் சேரும். ரியாக்டர் இல்லாத கெப்பாசிட்டர் பேங்க் உள்ள இடத்தில் இதைப் பார்க்காமல் டிரைவ் வைப்பது கெப்பாசிட்டர்களை வெடிக்க வைக்கும் வழி.

இனி, வேலை செய்பவரின் உயிர். “மெயினை ஆஃப் பண்ணியாச்சு” என்ற சொல்லை நம்பி உள்ளே கைவிடுவது வழக்கம். மெயின் பிரேக்கரை இறக்கினாலும் அதன் உள்வரும் முனைகளில் மின்சாரம் இருக்கும். கன்ட்ரோல் சப்ளை வேறு பேனலிலிருந்து வந்துகொண்டிருக்கலாம். லைன் போனதும் தானாக எழும் ஜெனரேட்டர் இருக்கலாம். டிரைவின் உள்ளே ஏறத்தாழ 587 வோல்ட் டி.சி. சில நிமிடங்கள் தேங்கி நிற்கும். ஆகவே எல்லா வழியையும் பிரித்து, பூட்டுப் போட்டு, சாவியைத் தன்னிடம் வைத்துக்கொண்டு, டெஸ்டரை உயிருள்ள இடத்தில் ஒரு முறை, வேலை செய்யும் இடத்தில் ஒரு முறை, மறுபடி உயிருள்ள இடத்தில் ஒரு முறை வைத்துப் பார்ப்பதே நடைமுறை. “ஒரு நட்டு டைட் பண்ணத்தானே, எதுக்கு ஷட்டவுன்?” என்பவர்கள் ஷாக்கை மட்டும் நினைக்கிறார்கள். அமெரிக்கப் பொறியாளர் ரால்ஃப் லீ 1982-இல் வெளியிட்ட ஆய்வுக்கட்டுரை, மின்வில்லின் வெப்பம் கம்பியைத் தொடாதவரையும் எட்ட நின்றே பொசுக்கும் என்பதைக் கணக்கிட்டுக் காட்டியது. அதன் வழியில் வந்த ஐ.இ.இ.இ. 1584 வழிகாட்டி 2002-இல் வெளிவந்து, 2018-இல் திருத்தப்பட்டது. நழுவி விழும் ஒரு ஸ்பேனர் போதும். டிரான்ஸ்ஃபார்மரைப் பெரிதாக்கிய ஆலையில் அந்த வில்லுக்கான தீனியும் பெரிதாகிவிட்டது.

இத்தனைக்கும் சிறு ஆலைக்கு ஏது காசு என்பது தள்ளிவிடக்கூடிய கேள்வி இல்லை. பேனல் செய்தவர் கடையை மூடிப் போயிருப்பார், வரைபடம் கிடைக்காது, ஷட்டவுன் எடுத்தால் உற்பத்தி நிற்கும். ஆனால் ஷார்ட் சர்க்யூட் கணக்கு ஒரு தாளில் முடிகிற வேலை. டிரான்ஸ்ஃபார்மரின் பெயர்ப்பலகையும் கேபிளின் நீளமும் அளவும் போதும். பழைய பேனலைத் தொடாமல், மெயின் போர்டிலிருந்து தனி ஃபீடர் எடுத்துப் புது மெஷினுக்குத் தனிப் பேனல் வைப்பது பல சமயம் மலிவும்கூட. மெயின் போர்டுக்கு அந்தத் தெம்பு இருக்கிறதா என்று பார்த்தால் போதும். பஸ்பாரில் புதுத் துளை இல்லை, பழைய அறைகளின் வெப்பக் கணக்கு குலையாது, நீண்ட ஷட்டவுனும் தேவையில்லை. சிறிய பேனல் என்றால் முன்னால் எச்.ஆர்.சி. ஃப்யூஸ் வைத்து, உள்ளே நுழையும் உச்ச மின்னோட்டத்தை 17 கிலோஆம்பியருக்குள் வெட்டிவிடலாம்; அப்போதும் தரநிலையின் விலக்கு கிடைக்கும். மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு விதிகள் 2010-இல் வந்தபோதே, புது வேலைக்கு மட்டுமன்றிக் கூட்டுவதற்கும் மாற்றுவதற்கும் உரிமம் பெற்ற ஒப்பந்ததாரர் வேண்டும் என்றன. அந்த விதிகளுக்குப் பதிலாக 2023-இல் புதிய விதிகள் வந்துவிட்டன. ஆலை முதலாளி அந்த ஒப்பந்ததாரரிடம் கேட்டு வாங்க வேண்டியது கோடைக்கால லோடு பதிவு, பேனல் நிற்கும் இடத்தின் ஷார்ட் சர்க்யூட் மின்னோட்டம், கான்டாக்டரும் ஃப்யூஸும் எந்த அட்டவணைப்படி இணைந்தவை என்ற விவரம், மாற்றத்துக்குப் பிறகு திருத்திய வரைபடம். அந்த வரைபடத்தின் ஒரு நகலைப் பேனல் கதவின் உட்புறப் பையில் வைக்கச் சொல்லுங்கள். அடுத்த மெஷின் வரும்போது முதலில் தேடப்படுவது அதுவாகத்தான் இருக்கும்.