முடியாத கதையைக் கேட்கும் முறை

நம் நாட்டுத் தமிழ் மாணவர்களுக்குச் சிறுகதைப் போட்டி புதிதன்று. மலாயாப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரவை 1980களிலேயே போட்டி தொடங்கி, தேர்வு பெற்றவற்றைப் 'பேரவைக் கதைகள்' என நூலாக்கி வந்திருக்கிறது. ஆனால், நான் பார்த்தவரையில், போட்டிக்குப் போகும் மாணவர் கதைகளில் பல, எழுதியவரைத் தவிர வேறு யாரும் படிக்காமலே போகின்றன. பரிசு கிடைத்தால் மகிழ்ச்சி. கிடைக்காவிட்டால் ஏன் என்று தெரியாது. அடுத்த ஆண்டு அதே குறையோடு இன்னொரு கதை எழுதப்படுகிறது. அல்லது எழுதுவதே நின்றுவிடுகிறது.

திருத்த இடமிருக்கும்போதே படைப்பைப் பிறர் முன் வைக்கும் வழக்கம் நமக்கு அந்நியமானதன்று. 1950இல் தமிழ் நேசனில் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் 'கதை வகுப்பு' நடத்தினார்கள். நாளிதழ் வழியாகவே பாடமும் பயிற்சியும் தரப்பட்டன. பின்னர் 1952இல் தமிழகத்திலிருந்து தமிழ் நேசனில் பணியாற்ற வந்த கு. அழகிரிசாமி 1957 வரை இங்கிருந்தார். அவரை மையமாகக் கொண்டு கூடிய இலக்கிய வட்டத்தில் எழுத்தாளர்கள் நேரில் அமர்ந்து படைப்புகளைப் பற்றிப் பேசினார்கள். முன்னது வகுப்பு; பின்னது வட்டம். வகுப்பில் ஒருவர் சொல்ல மற்றவர்கள் கேட்பார்கள். வட்டத்தில் எல்லாரும் வாசகர்கள். தொடக்க நிலையில் இருப்பவருக்கு வகுப்பு வேண்டும் என்பதை மறுக்கவில்லை. ஆயினும் பல்கலைக்கழக மாணவர்களுக்கு வட்டமே பொருந்தும் என்பது என் கருத்து.

சிங்கப்பூரில் 2000இல் தொடங்கிய கவிமாலையில் கவிஞர்கள் மாதந்தோறும் கூடித் தங்கள் கவிதைகளைப் படிக்கிறார்கள். மலாய் மொழியில் டேவான் பஹாசா டான் புஸ்தாகா 1985இலேயே 'மிங்கு பெனுலிஸ் ரெமாஜா' என்னும் இளம் எழுத்தாளர் பட்டறையைத் தொடங்கியது. தேசிய இடைநிலைப்பள்ளியில் படித்த நம்மில் பலர் அதன் பெயரையாவது கேள்விப்பட்டிருப்போம்.

சரி, ஐந்தாறு பேர் கூடிவிட்டோம். ஒருவர் தம் வரைவைப் படித்து முடிக்கிறார். அடுத்து என்ன?

பொதுவாக இரண்டில் ஒன்று நடக்கும். முதலாவது, பிழை திருத்தம். 'இங்கே வலிமிகும்', 'இது றகரம்' என்று தொடங்கினால் மாலை முழுவதும் அதிலேயே போய்விடும். ஆறாண்டு தமிழ்ப்பள்ளி, அதன்பின் இடைநிலைப்பள்ளியில் வாரத்திற்கு ஓரிரு தடவை, அதுவும் பள்ளி நேரம் முடிந்தபின் தமிழ் என்று வந்தவர்களுக்கு இந்தப் பயம் ஏற்கெனவே உண்டு. பிழை திருத்தப்பட வேண்டியதே. ஆனால் அடுத்த வரைவில் இருக்குமா என்று தெரியாத வாக்கியத்திற்குச் சந்தி பார்ப்பது வீண் வேலை. அதைக் கடைசி வரைவுக்கு வைத்துக்கொள்ளலாம்.

இரண்டாவது இதைவிடச் சிக்கலானது. நம்மிடையே மூன்றாமாண்டு மாணவர் 'அண்ணன்', முதலாமாண்டு மாணவி 'தங்கச்சி'. அண்ணன் எழுதிய கதை பாதியில் சலித்துவிட்டது என்று தங்கச்சி எப்படிச் சொல்வாள்? "நல்லா இருக்குண்ணே" என்பதோடு நிறுத்திக்கொள்வாள். அண்ணனும் தங்கச்சி மனம் நோகக்கூடாதென்று "முயற்சி பண்ணும்மா" என்பார். மரியாதை குறையவில்லை, கதைதான் அப்படியே கிடக்கிறது.

உறவு முறையை விடச் சொல்வது நடவாத காரியம். கேள்வியை மாற்றலாம். எங்கள் குழுவில் 'கதை நன்றாக இருக்கிறதா?' என்று யாரும் கேட்பதில்லை. கதையைக் கேட்டவர் ஒவ்வொருவரும் தமக்கு நினைவில் நின்றதை மட்டும் திருப்பிச் சொல்ல வேண்டும். எல்லாரும் முடிக்கும்வரை எழுதியவர் வாய் திறக்கக்கூடாது. திருப்பிச் சொல்வதில் தீர்ப்பு இல்லை. ஆகவே தங்கச்சியும் தயங்காமல் சொல்லலாம்.

ஓர் எடுத்துக்காட்டு, எழுதிய தோழியின் சம்மதத்துடன். தோட்டம் விற்கப்பட்டபின் கோலாலம்பூருக்கு வந்து, கொண்டோமினியத்தில் ஜாகா வேலை செய்யும் ஓர் அப்பாவின் கதை. ஏழு பக்கம். முதல் இரண்டு பக்கங்களில் தோட்டத்தின் பெருமை. இறுதியில் அப்பா விபத்தில் இறக்கிறார். மகன் படித்து முன்னேறுவதாகச் சபதம் எடுக்கிறான். (நம் மாணவர் கதைகளில் அப்பாக்கள் நீண்ட நாள் வாழ்வதில்லை.) நடுவில், மூன்றாம் பக்கத்தில், ஒரே ஒரு வரி: அப்பா தம் சீருடையை மட்டும் தாமே துவைத்து, வெளிக் கொடியில் போடாமல் குளியலறைக்குள் காயப்போடுகிறார்.

திருப்பிச் சொன்ன ஐந்து பேரும் அந்தச் சட்டையைச் சொன்னார்கள். விபத்தை ஒருவர் சொன்னார். சபதத்தை ஒருவரும் சொல்லவில்லை. கதை மோசம் என்று யாரும் சொல்லாமலே தோழிக்குக் கதை எங்கே இருக்கிறது என்பது தெரிந்துவிட்டது.

அதன்பின்தான் கேள்விகள். அவையும் உண்மையிலேயே பதில் தெரியாத கேள்விகளாக இருக்க வேண்டும். 'அப்பா பிழைத்திருக்கலாமே?' என்பது கேள்வியன்று. அது கேட்பவர் எழுத விரும்பும் கதை. 'ஏன் குளியலறைக்குள் காயப்போட்டார்?' என்று ஒருவர் கேட்டார். தோழி சற்று நேரம் யோசித்துவிட்டு, "எனக்கே தெரியலை" என்றார். அன்றைய கூட்டத்தில் பயன்பட்ட பேச்சு அதுவே எனலாம்.

இன்னொன்று, வரைவை முன்கூட்டியே படியெடுத்துக் கொடுத்தாலும் கூட்டத்தில் உரக்கப் படிக்க வேண்டும். கண்ணால் படிக்கும்போது தப்பித்துவிடும் உரையாடல் காதில் மாட்டிக்கொள்ளும். "அன்னையே, நான் பள்ளிக்குச் சென்று வருகிறேன்" என்று அடுக்குமாடி வீட்டுப் பையன் சொன்னபோது படித்தவரே சிரித்துவிட்டார். திருத்தும்படி யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஒரு மாலைக்கு இரண்டு கதைகள் போதும். மூன்றாவது கதைக்கு வரும்போது கேட்பவர்கள் களைத்துவிடுகிறார்கள், கடைசியாகப் படிப்பவருக்கு அது அநியாயம்.

மூன்று வாரம் கழித்துத் தோழி இரண்டாம் வரைவைக் கொண்டு வந்தார். பழைய தோட்டத்து ஆட்கள் சிலர் அதே அடுக்குமாடியில் குடியிருக்கிறார்கள். அவர்களிடம் அப்பா தமக்கு ஆபீஸ் வேலை என்று சொல்லி வைத்திருக்கிறார். விபத்து இல்லை. நான்கு பக்கம்தான். இப்போது எங்களுக்கு இன்னொரு கேள்வி இருக்கிறது: அம்மாவுக்கு இது எப்போது தெரிந்தது? தோழி மூன்றாம் வரைவை எழுதிக்கொண்டிருக்கிறார். தலைப்பு இன்னும் வைக்கவில்லை.