இரு பட்டியல்களை ஒன்றாக்குதல்

நிகண்டு கற்ற மாணவர்க்குப் பி.எச்.பி. மொழியின் தொடர்புறு அணி முற்றும் புதியதன்று. 1995 ஆம் ஆண்டில் ராஸ்மஸ் லெர்டோர்ஃப் என்பார் வெளியிட்ட அம்மொழி, இணையச் சேவையகத்தில் இயங்குவது. ஒரு தலைச்சொல்லையும் அதற்குரிய பொருளையும் பிணைத்து வைக்கும் தொகுதியையே ஈண்டு அணி என்கின்றோம். ஓர் அணியில் ஒரு தலைச்சொல் ஒருமுறையே வரும். இரண்டு அணிகளை இணைக்குங்கால் இடர் விளைப்பது இவ்விதியே.

படுவான்கரை உழவர் வழக்குச் சொற்களை நம் மாணவர் ஓர் அணியாகத் தொகுத்தனர் என்று கொள்வோம். அதில் ‘வட்டை’ என்பதற்கு வயற்பரப்பு என்பது பொருள். வேறோர் அணி அச்சொல்லுக்குச் சக்கரத்தின் விளிம்பு என்னும் பொருளைத் தருகின்றது. ‘அரே மேர்ஜ்’ என்னும் செயற்கூற்றில் நம் அணியை முன்னும் மற்றதைப் பின்னும் இட்டால், பின்வந்த பொருளே நிலைக்கும், வயற்பரப்பு மறைந்துபோம். பிழைச்செய்தி எதுவும் தோன்றாது. பட்டியலும் குறைவற்றது போலவே காட்சியளிக்கும். (ஊர்வழக்கு இங்ஙனம் ஓசையின்றி மறைதல் அச்சகராதிக்கும் புதிதன்று.) கூட்டற்குறியால் இணைப்பின் முன்னின்றது நிலைக்கும். ‘அரே மேர்ஜ் ரிகர்சிவ்’ மட்டுமே இரு பொருளையும் ஒரு தலைச்சொல்லின்கீழ்ச் சிற்றணியாக அடுக்கித் தரும். இரு பட்டியலிலும் ஒரே பொருள் இருப்பின் அது இருமுறை வரும். பின்னர்க் களைந்து கொள்ளலாம். சொற்றொகுதிக்கு இதுவே தக்கது என்பது எமது துணிபு.

தலைச்சொல் எண்ணாயின் நிலைமை வேறு. பழைய மாணவர் பதிவேடுகள் இரண்டைச் சேர்விலக்கத்தைக் கொண்டு இணைக்கப் புகுவோர் இதனை ஊன்றி நோக்குக. ‘அரே மேர்ஜ்’ எண்களைப் பொருட்படுத்தாது, அனைத்தையும் சுழியத்திலிருந்து புதிதாக எண்ணிவிடும். 1042 ஆம் மாணவர் தம் இலக்கத்தை இழப்பதோடு இருமுறையும் இடம்பெறுவார். மேற்கோட்குறிக்குள் இட்ட 1042 உம் எண்ணாகவே கொள்ளப்படும். 0142 என முன்னே சுழியம் பெற்றதோ சொல்லாகவே நிற்கும். ஆகவே ஒரே ஏட்டில் சிலர் இலக்கம் பிழைக்க, ஏனையோர் இலக்கம் அழியும்.

இதற்கு ‘அரே ரிப்ளேஸ்’ உகந்தது. அது இலக்கங்களைக் காத்து, பின்வந்த ஏட்டின் முகவரியையே கொள்ளும். ஆதலின் அண்மையில் எழுதிய ஏட்டையே பின்னர் வைத்தல் வேண்டும். இணைக்குமுன் ‘அரே இன்டர்செக்ட் கீ’ கொண்டு இரண்டிலும் பொதுவாயுள்ள இலக்கங்களைப் பிரித்தெடுத்து, முகவரி மாறுபடுவோரை எழுதிக் கேட்டறிக.