உள்ளங்கால் மச்சம்: அதிர்ஷ்டமா, ஆபத்தா?



என் இடது உள்ளங்காலில் ஒரு மச்சம் உண்டு. "கால்ல மச்சம் இருக்கிறவன் ஊர் ஊரா சுத்துவான்டா" என்பார் பாட்டி. எனக்கும் அதில் பெருமைதான். தைப்பூச விரதத்தின்போது கால் கழுவுகையில், அது கொஞ்சம் பெரிசானது போலத் தெரிந்தது. பயத்தில் யாரிடமும் சொல்லவில்லை. மூன்று மாதம் கழித்தே கிளினிக் போனேன். நான் செய்த தப்பு அதுதான்.

"நம்ம தோலுக்குப் புற்றுநோய் வராது" என்று பலர் நினைக்கிறோம். வெயிலால் வரும் தோல் புற்றுநோய் நமக்குக் குறைவு என்பது உண்மை. ஆனால் மெலனோமா என்னும் வகை உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடியிலும் வரும். அதற்கு வெயில் தேவையில்லை. எந்த நிறத்தவருக்கும் வரலாம். பாடகர் பாப் மார்லிக்கு 1977-இல் கால் பெருவிரல் நகத்தடியில் வந்தது. பந்து விளையாட்டில் பட்ட காயம் என்றே முதலில் நினைத்தார்கள். 1981-இல், 36 வயதில் இறந்தார்.

எதைக் கவனிப்பது?

1. மச்சத்தின் இரு பாதியும் ஒரே மாதிரி இல்லையா?
2. ஓரம் ஒழுங்கற்றுக் கலைந்திருக்கிறதா?
3. ஒரே மச்சத்தில் பல நிறங்களா?
4. 6 மில்லிமீட்டருக்கு மேல், அதாவது பென்சில் அழிப்பானைவிடப் பெரிசா?
5. மாறிக்கொண்டே வருகிறதா? இரத்தம் கசிகிறதா?

இதில் ஐந்தாவதுதான் மிக முக்கியம். நகத்தையும் பாருங்கள். அடிபட்டுக் கட்டிய இரத்தம், நகம் வளர வளர முன்னால் நகரும். நகராத கருங்கோடு, சுற்றுத்தோலுக்கும் பரவும் கருமை, ஆறாத புண் இவற்றை உடனே காட்டுங்கள்.

டாக்டர் ஒரு சிறு லென்ஸ் கருவியால் என் பாதத்தைப் பார்த்தார். பாதத்தோலில் ரேகைகள் உண்டு. ரேகைப் பள்ளத்தில் நிறம் படிந்திருந்தால் பெரும்பாலும் சாதாரண மச்சம். மேட்டில் படிந்திருந்தால் சந்தேகம். சந்தேகம் வந்தால் தோலை வெட்டிச் சோதித்தே முடிவு சொல்வார்கள். என்னுடையது சாதாரண மச்சம்தான்.

மச்சத்தை நீங்களே வெட்டாதீர்கள், சுண்ணாம்பு வைக்காதீர்கள். ஆரம்பத்திலேயே கண்டால் வெட்டி எடுத்துக் குணமாக்க நல்ல வாய்ப்பு உண்டு.

மாதம் ஒருமுறை பாதத்தைப் பாருங்கள். வயதானவர்களுக்குத்தான் இது அதிகம் வரும். குனிந்து தங்கள் உள்ளங்காலைப் பார்க்க அவர்களால் முடியாது. அடுத்த முறை பாட்டி காலில் விழுந்து ஆசி வாங்கும்போது, "காலைக் கொஞ்சம் காட்டுங்க பாட்டி" என்று கேளுங்கள். நான் கேட்டேன். சிரித்துக்கொண்டே காட்டினார்.