ஓசை உண்டு, நீர் இல்லை

சந்தையில் ஒரே வகை மீனுக்கு இரண்டு விலை உண்டு. பனிக்கட்டிமீது கிடக்கும் களவா மீனுக்கு ஒரு விலை. தொட்டியில் உயிரோடு நீந்தும் களவா மீனுக்கு அதைவிட உயர்ந்த விலை. மலேசியாவில் ‘கெராப்பு’ என்று அழைக்கப்படும் இம்மீன், கடலுணவு உணவகங்களில் உயிருடன் விற்கப்படுகிறது; சபா மாநிலத்திலிருந்து ஹாங்காங்குக்கும் உயிருடன் அனுப்பப்படுகிறது. ஆகவே, பிடித்த மீனைக் கரை சேரும்வரை உயிரோடு வைத்திருப்பது மீனவரின் வருமானத்தோடு நேரடித் தொடர்புடையது.

இதற்காகவே படகில் உயிர்மீன் தொட்டி அமைக்கப்படுகிறது. மின்கலத்தால் இயங்கும் சிறிய பம்பு ஒன்று கடல்நீரை உள்ளிழுத்துத் தொட்டிக்குள் செலுத்தும். மிகுதியான நீர் மற்றொரு குழாய் வழியாகக் கடலுக்கே திரும்பும். இவ்வாறு நீர் மாறிக்கொண்டே இருப்பதால், மீன்களுக்குத் தேவையான உயிர்வளியும் தொடர்ந்து கிடைக்கிறது.

நீர் சூடாகச் சூடாக அதில் கரைந்திருக்கும் உயிர்வளியின் அளவு குறையும். 20 பாகை செல்சியசில் ஒரு லிட்டர் நன்னீரில் ஏறத்தாழ 9 மில்லிகிராம் உயிர்வளி கரைந்திருக்க முடியும். 30 பாகையில் அது ஏறத்தாழ 7.5 மில்லிகிராமாகக் குறைகிறது. கடல்நீரில் இந்த அளவு இன்னும் குறைவு. நம் நாட்டு வெயிலில் பம்பு நின்றுவிட்டால், தொட்டியில் நெருக்கமாக இருக்கும் மீன்கள் விரைவில் நீர்மட்டத்திற்கு வந்து வாயைத் திறந்து திணறத் தொடங்கும். அப்போது முதலில் செய்ய வேண்டியது வாளியால் கடல்நீரை மொண்டு தொட்டி நீரை மாற்றுவதும், தொட்டிக்கு நிழல் தருவதும் ஆகும். அதன் பிறகே பழுதைத் தேட வேண்டும்.

‘பம்பு கெட்டுவிட்டது’ என்று உடனே முடிவு கட்டிப் புதியது வாங்குவோர் பலர். புதிய பம்பைப் பொருத்திய பிறகும் நீர் வராதபோதுதான், பழுது வேறிடத்தில் இருப்பது அவர்களுக்குத் தெரிய வருகிறது. எனவே, விசையைத் தட்டியதும் பம்பு எழுப்பும் ஓசையைக் காது கொடுத்துக் கேட்க வேண்டும். எங்கே தேட வேண்டும் என்பதை அந்த ஓசையே உணர்த்தும்.

ஓசையே இல்லையென்றால், மின்சாரம் பம்பை அடையவில்லை என்று ஐயுறலாம். உருகி எரிந்திருக்கலாம், உப்புக்காற்றால் கம்பியின் இணைப்புகள் அரித்துப் பச்சை படிந்திருக்கலாம். எரிந்த உருகிக்குப் பதிலாக அதே அளவுள்ள உருகியையே பொருத்த வேண்டும். பெரியதைப் பொருத்தினால் கம்பி சூடேறித் தீப்பற்றக்கூடும். இணைப்புகள் சரியாக இருந்து, மின்சாரமும் பம்புவரை வந்தும் அது இயங்காவிட்டால், மோட்டார் பழுதடைந்திருக்கலாம்.

முனகல் மட்டும் கேட்டால், பம்பினுள் சுழல வேண்டிய சிறகுச் சக்கரம் சிக்கியிருக்கலாம். நெகிழித் துண்டு, தூண்டில் நரம்பு, சிப்பியோடு போன்றவை அதைத் தடுத்திருக்கக்கூடும். மின்னழுத்தம் குறைந்தாலும் இந்நிலை ஏற்படும். முழுமையாக மின்னூட்டப்பட்ட 12 வோல்ட் மின்கலம் ஏறத்தாழ 12.6 வோல்ட் காட்டும். பம்பு இயங்கும்போது மின்கலத்தில் 12 வோல்ட்டும் பம்பருகே 10 வோல்ட்டும் இருந்தால், மீதி 2 வோல்ட் வழியிலுள்ள கம்பியிலும் இணைப்புகளிலும் வீணாகிறது என்பது பொருள்.

ஓசை நன்றாகக் கேட்டும் நீர் வராத நிலையே பலரைக் குழப்புகிறது. இங்கு நீர் செல்லும் வழியை ஆராய வேண்டும். நுழைவாய் அடைப்பான் மூடியிருக்கிறதா? வடிகட்டியில் பாசியோ குப்பையோ சேர்ந்துள்ளதா? குழாய் மடங்கியுள்ளதா? இவை அனைத்தும் சரியாக இருந்தால், காற்றடைப்பை ஐயுறலாம். படகு வேகமாக விரையும்போது பின்பக்கம் உள்ள நுழைவாய் நீருக்கு மேலே வந்து காற்றை உள்ளே விட்டுவிடும். காற்று நீரைவிட ஏறத்தாழ 800 மடங்கு இலேசானது. சிறகுகள் நீரை வீசித் தள்ளுமே தவிர, தேங்கிய காற்றைத் தள்ளும் ஆற்றல் அவற்றுக்கு இல்லை. அத்தகைய நேரத்தில் படகை மெதுவாகப் பின்னோக்கிச் செலுத்தினால், நீர் நுழைவாய்க்குள் புகுந்து காற்றை வெளியேற்றும். நீர் வரும்வரை காத்திருக்கலாம் என்று பம்பை வெறுமனே ஓடவிடக் கூடாது. நீரின்றிச் சுழன்றால் அது சூடேறிப் பழுதாகும். அண்மையில்தான் கம்பிகள் மாற்றப்பட்டன என்றால், அவை இடம் மாறி இணைக்கப்பட்டு மோட்டார் எதிர்த்திசையில் சுழல்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

பம்பைக் கழற்றுமுன் இரண்டு செயல்களை மறக்கக் கூடாது. முதலாவது, மின்கலத்தின் இணைப்பைத் துண்டிப்பது. இரண்டாவது, நுழைவாய் அடைப்பானை இறுக மூடுவது. நீர்மட்டத்திற்குக் கீழே இருக்கும் அந்தத் துளையை மூடாமல் குழாயைக் கழற்றினால், கடல்நீர் படகுக்குள் பாயும். மீனைக் காக்கப் போய்ப் படகையே இழக்க நேரிடும்.

ஒவ்வொரு பயணத்திற்குப் பிறகும் வடிகட்டியைக் கழுவுவதும், நன்னீரால் பம்பை அலசுவதும், மின் இணைப்புகளைத் துடைத்து உலர்த்துவதும் சில நிமிட வேலைதான். அப்படியும் பழுது ஏற்பட்டால், எளிய காரணத்திலிருந்து தொடங்கி, ஒவ்வொன்றாகச் சோதித்து, அரிய காரணத்தை இறுதியில் தேட வேண்டும். நோயின் மூலத்தை அறியாமல் மருத்துவர் மருந்து தருவதில்லை. இயந்திரப் பழுதுக்கும் அதே முறைதான் பொருந்தும். காரணம் தெரிந்த பின் கையில் எடுக்கும் கருவியே பயன் தரும்.