பழைய கம்ப்யூட்டரை மறுபடி தயாரிக்கலாமா? முன்பணம் யாருடைய பணம்னு முதல்ல பாருங்க



"ஒருத்தர் சின்னதா ஒரு பொருள் தயாரிச்சு வித்துட்டு இருக்கார். அவரால இனி முடியல. என்கிட்ட கொடுக்கிறேங்கிறார். எடுத்துக்கலாமா?" சம்பளத்துல இருக்கிற பலருக்கும் ஏதோ ஒரு நேரத்துல இந்த யோசனை வருது. பொருள் ரெடி, கஸ்டமர் ரெடி, நாம பணம் போட்டா போதும்னு தோணும்.

இன்னைக்கு பாடத்துக்கு நான் எடுத்துக்கிட்டது 1980-கள்ல வீடுகள்ல இருந்த கம்ப்யூட்டர்கள். இந்தத் துறையில ஒருத்தர் நிறுத்த, இன்னொருத்தர் எடுத்து நடத்துறது நாற்பது வருஷமா நடக்குது. ஜெயிச்சவங்களும் இருக்காங்க, அடுத்தவங்க பணத்தோட மூழ்கினவங்களும் இருக்காங்க. ரெண்டு தரப்புக்கும் நடுவுல இருக்கிற வித்தியாசம் தொழில்நுட்பத்துல இருக்கிறதைவிட கணக்குப் புத்தகத்துலதான் அதிகமா இருக்கு.

1. நீங்க வாங்குறது கம்பெனியா, பொருளா?

1982-ல் இங்கிலாந்துல சின்க்ளேர் கம்பெனி இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம் என்ற கம்ப்யூட்டரைக் கொண்டுவந்தது. 16 கே மெமரி உள்ளது 125 பவுண்டு, 48 கே உள்ளது 175 பவுண்டு. டிவியில இணைச்சு, கேசட் டேப்புல இருந்து புரோகிராம் ஏத்தி ஓட்டலாம். அந்த ஊர்ல ஒரு தலைமுறையே இதுலதான் புரோகிராம் எழுதக் கத்துக்கிட்டது.

1985-ல் சின்க்ளேருக்கு பண நெருக்கடி. விற்காத சரக்கு ஒரு பக்கம், சி5 என்ற பேட்டரி வண்டியில வந்த அடி இன்னொரு பக்கம். 1986 ஏப்ரல்ல ஆம்ஸ்ட்ராட் நிறுவனம் 50 லட்சம் பவுண்டுக்கு ஒப்பந்தம் போட்டது. அவங்க வாங்கினது என்னன்னு கவனிங்க: சின்க்ளேர் கம்ப்யூட்டர்களைத் தயாரிச்சு விற்கிற உரிமை, டிசைன், 'சின்க்ளேர்'ங்கிற பிராண்ட் பேர். சின்க்ளேர் ரிசர்ச் என்ற கம்பெனியை அவங்க வாங்கல. அது தனியா பழைய உரிமையாளர்கிட்டேயே இருந்தது.

ஒரு சிஏ-வா நான் முதல்ல பாக்குற இடம் இதுதான். சொத்தை மட்டும் வாங்கினா, ஒப்பந்தத்துல எழுதினது மட்டும்தான் பொதுவா உங்ககிட்ட வரும். கம்பெனியோட ஷேரையே வாங்கினா, அதோட பழைய கடன், வரி பாக்கி, கோர்ட் கேஸ், டெலிவரி ஆகாத ஆர்டர் எல்லாமே கம்பெனிக்குள்ளேயே இருந்து உங்க கூட வரும். விலை கம்மின்னு கம்பெனியையே வாங்கிட்டு, அப்புறம் உள்ளே இருக்கிறதைப் பார்த்து அதிர்ச்சி ஆகக் கூடாது.

ஆம்ஸ்ட்ராட் அதே வருஷம் ஸ்பெக்ட்ரம் +2 கொண்டுவந்தது. நல்ல கீபோர்டு, உள்ளேயே டேப் ரெக்கார்டர். 1987-ல் டிஸ்க் டிரைவோட +3 வந்தது. வாங்கின டிசைனை அப்படியே அச்சடிக்காம, தங்களுக்குத் தயாரிக்கத் தோதான மாதிரி மாத்திக்கிட்டாங்க.

2. பேருக்கு என்ன விலை?

அதே காலத்து இன்னொரு மெஷின் கமடோர் 64. 1982-ல் அமெரிக்காவுல 595 டாலருக்கு வந்தது. கோடிக்கு மேல வித்தது. அந்தக் கமடோர் கம்பெனி 1994-ல் திவாலாச்சு. 1995-ல் ஜெர்மனியோட எஸ்காம் வாங்கிச்சு. அடுத்த வருஷமே எஸ்காமும் திவால். 1997-ல் நெதர்லாந்தோட ட்யூலிப் கைக்கு அந்தப் பேர் போச்சு. ட்யூலிப் அதை 2 கோடியே 20 லட்சம் யூரோவுக்கு இன்னொரு கம்பெனிக்கு விக்க ஒப்பந்தம் போட்டு, 2005-ல் கைமாத்திச்சு.

இப்ப 2025-க்கு வாங்க. யூடியூப்ல பழைய கம்ப்யூட்டர்கள் பத்தி வீடியோ போடுற கிறிஸ்டியன் சிம்ப்சன், கமடோர் கார்ப்பரேஷன் என்ற நெதர்லாந்து கம்பெனியை வாங்கினதா அறிவிச்சார். அவரே சொன்ன விலை, ஏழு இலக்கத்துல கீழ்ப்பகுதி. அதாவது சில மில்லியன்தான். 20 வருஷத்துல அதே பேரோட விலை எவ்வளவு இறங்கியிருக்குன்னு பாருங்க.

பேருக்குன்னு நிலையான விலை கிடையாது. அதை வச்சு வருஷத்துக்கு எவ்வளவு சம்பாதிக்க முடியுமோ, அதுதான் அதோட மதிப்பு. "எவ்வளவு பழைய பிராண்ட் தெரியுமா!"ன்னு யாராவது விலை சொன்னா, "போன வருஷம் இந்தப் பேரால எவ்வளவு வித்தீங்க? பேங்க் ஸ்டேட்மென்ட் காட்டுங்க"ன்னு கேளுங்க.

3. உள்ளே போற பாகம் இன்னும் கிடைக்குதா?

கமடோர் 1976-லேயே மாஸ் டெக்னாலஜி என்ற சிப் கம்பெனியை வாங்கி வச்சிருந்தது. படத்துக்கு ஒரு சிப், ஒலிக்கு ஒரு சிப், எல்லாம் சொந்தத் தயாரிப்பு. அதனாலதான் மத்தவங்களைவிட விலையைக் குறைக்க முடிஞ்சது. ஆனா இன்னைக்கு அந்தத் தொழிற்சாலை இல்ல, அந்தச் சிப்புகளும் புதுசா வர்றதில்ல. ஸ்பெக்ட்ரமோட மூளையான இசட்80 வகை சிப்பை ஜைலாக் பல பத்து வருஷமா தயாரிச்சுட்டு இருந்தது. 2024-ல் அதுக்கும் கடைசி ஆர்டர் தேதி சொல்லிட்டாங்க.

அதனால இப்ப எடுத்து நடத்துறவங்க எஃப்பிஜிஏன்னு ஒரு சிப்பைப் பயன்படுத்துறாங்க. பழைய சர்க்யூட் எப்படி வேலை செஞ்சதோ, அதே மாதிரி நடந்துக்கச் சொல்லி அதுக்குள்ள எழுதிடலாம். 2025-ல் முன்பதிவுக்கு வந்த கமடோர் 64 அல்டிமேட்டும் இந்த வழிதான்; ஆரம்ப விலை 299.99 டாலர்.

இதுல நமக்கு என்ன பாடம்? டிசைன் உங்க கைக்கு வந்தாலும், பாகம் சப்ளை பண்றவர் கையில உங்க குடுமி இருக்கும். ஒரே ஒரு சப்ளையர்கிட்ட மட்டும் கிடைக்கிற பாகம் எதுன்னு கேட்டு எழுதி வாங்கிக்கோங்க. அந்தப் பாகம் நின்னா மாற்று என்ன, டிசைனை மாத்த எவ்வளவு செலவுன்னும் கேளுங்க.

4. இப்ப கணக்கு போடுவோம்

இது புரியறதுக்காக நான் எடுத்துக்கிட்ட உதாரணம், எண்கள் கற்பனை. பழைய கம்ப்யூட்டருக்குப் புது பிளாஸ்டிக் கூடு தயாரிக்கிற ஒருத்தர், தன்னோட மோல்டையும் உரிமையையும் 20,000 டாலருக்கு உங்களுக்குத் தர்றார்.

ஒரு கூடு விற்பனை விலை: 60 டாலர்
தயாரிப்புச் செலவு: 30 டாலர்
பேக்கிங், அனுப்புற செலவு, பேமென்ட் கமிஷன், உடைஞ்சு திரும்பி வர்றதுக்கு: 10 டாலர்
கையில நிக்கிறது: 20 டாலர்

20,000-ஐ 20-ஆல வகுத்தா 1,000. அதாவது 1,000 கூடு வித்தப்புறம்தான் போட்ட காசு திரும்பும். 1,001-வது கூட்டுலதான் முதல் லாபம். பிளாஸ்டிக் விலையோ கூரியர் கட்டணமோ 8 டாலர் ஏறினா, நிக்கிறது 12 டாலர்தான். அப்ப 1,667 கூடு விக்கணும். செலவு ஏறினது 20%, ஆனா விக்க வேண்டிய எண்ணிக்கை ஏறினது 67%. இதை ஒரு தடவை நீங்களே போட்டுப் பாருங்க, மறக்காது.

அடுத்தது, 500 கூட்டுக்குக் குறைஞ்சு வார்க்க மாட்டேங்கிறது தொழிற்சாலை. முதல் லாட்டுக்கே 500 × 30 = 15,000 டாலர் முன்னாடியே கட்டணும். ஆக உங்களுக்குத் தேவை 20,000 இல்ல, 35,000. "20,000-க்கு முடிச்சுட்டேன்"னு சந்தோஷப்படுறவங்க மாட்டிக்கிற இடம் இதுதான். இதுக்குப் பேர் ஒர்க்கிங் கேப்பிட்டல்.

5. முன்பணம்: இந்தப் பாடத்தோட இதயம்

"அந்த 15,000-ஐ நான் ஏன் போடணும்? கஸ்டமர்கிட்ட முன்பதிவு வாங்கினா போதுமே!" நல்ல கேள்வி.

300 பேர் ஆளுக்கு 60 டாலர் கட்டுறாங்க. பேங்க்ல 18,000 வந்துடுச்சு. மனசுக்கு இது வருமானம் மாதிரி தெரியும். கணக்குல இது லயபிலிட்டி, அதாவது நீங்க பட்ட கடன். பொருளைக் கொண்டு போய் சேர்த்த அன்னைக்குத்தான் வருமானமா மாறும்.

இப்ப செலவைப் பாருங்க. 500 கூடு வார்க்க 15,000. 300 பேருக்கு அனுப்ப 3,000. மொத்தம் 18,000. வந்த பணம் முழுசும் போச்சு! உங்ககிட்ட மிஞ்சினது விற்காத 200 கூடு. தப்பே நடக்காத நிலைமையே இதுதான்.

இப்ப, அந்த 18,000-ல் இருந்து 10,000-ஐ எடுத்து மோல்டுக்கு கொடுத்துட்டீங்கன்னு வச்சுக்கோங்க. 10,000 ஓட்டை விழுந்துடுச்சு. அதை அடைக்க அடுத்த 300 பேர்கிட்ட முன்பதிவு வாங்குவீங்க. அந்த ஓட்டையை அடைக்க அதுக்கடுத்தவங்ககிட்ட. ஏமாத்தணும்னு யாரும் இதைத் தொடங்குறதில்ல. ஆனா பணம் கட்டினவர் பார்வையில வித்தியாசமே தெரியாது.

நிஜத்துல நடந்ததுக்கு வருவோம். 2016-ல் ரெட்ரோ கம்ப்யூட்டர்ஸ் என்ற இங்கிலாந்து கம்பெனி, ஸ்பெக்ட்ரம் விளையாட்டுகளைக் கையில வச்சே ஆடுற வேகா பிளஸ் என்ற கருவிக்காக இன்டீகோகோ தளத்துல 5 லட்சம் பவுண்டுக்கு மேல பொதுமக்கள்கிட்ட திரட்டினது. சொன்ன நேரத்துக்குப் பொருள் வரல. இயக்குநர்களுக்குள்ள சண்டை கோர்ட் வரை போச்சு. ஸ்பெக்ட்ரம் பேரோட உரிமை அப்ப ஸ்கை நிறுவனத்துகிட்ட இருந்தது (ஆம்ஸ்ட்ராடை 2007-ல் ஸ்கை வாங்கியிருந்தது). 2018-ல் ஸ்கை உரிமத்தைத் திரும்ப எடுத்துக்கிச்சு. கொஞ்சம் பேருக்குத்தான் கருவி போய்ச் சேர்ந்தது. 2019-ல் கம்பெனியைக் கலைக்க கோர்ட் உத்தரவு. பணம் கட்டினவங்க கையில பொருளும் இல்ல, பணமும் இல்ல.

அதே ஸ்பெக்ட்ரம் உலகத்துல இன்னொரு குழு. 2017-ல் ஸ்பெக்ட்ரம் நெக்ஸ்ட் என்ற புது மெஷினுக்கு கிக்ஸ்டார்ட்டர்ல 7 லட்சம் பவுண்டுக்கு மேல வந்தது. 2018 ஜனவரியில தர்றோம்னு சொன்னாங்க. முழு மெஷின் கைக்குக் கிடைச்சது 2020-ல். ரெண்டு வருஷ தாமதம்! ஆனா பொருள் வந்துச்சு. அதனால 2020-ல் ரெண்டாவது தடவை கேட்டப்ப 18 லட்சம் பவுண்டுக்கு மேல கொடுத்தாங்க. தாமதத்தை மன்னிக்கிறாங்க, பணமும் பொருளும் ரெண்டும் இல்லேன்னா மன்னிக்கிறதில்ல.

6. எடுத்து நடத்தப் போறீங்கன்னா

• வாங்குறது சொத்தா, கம்பெனியா? ஒப்பந்தத்துல ஒவ்வொண்ணா பட்டியல் போடுங்க: டிசைன் ஃபைல், மோல்டு, பேர், கையிருப்பு, சப்ளையர் விவரம்.
• மோல்டு எந்தத் தொழிற்சாலையில இருக்கு? அவங்களுக்கு பாக்கி இருந்தா தர மாட்டாங்க.
• பேர் சொந்தமா, உரிமமா? உரிமம்னா எப்ப முடியும், யார் ரத்து பண்ணலாம்?
• பழைய கஸ்டமர்களோட வாரன்டியும், அனுப்பாத ஆர்டரும் யார் பொறுப்பு?
• முன்பணத்துக்குத் தனி பேங்க் அக்கவுன்ட். டெலிவரி ஆன ஆர்டருக்கான பணத்தை மட்டும் உங்க அக்கவுன்ட்டுக்கு மாத்துங்க. மோல்டு, விளம்பரம், உங்க சம்பளம் எதுவும் இதுல இருந்து போகக் கூடாது.
• மோல்டு விலையும் முதல் லாட்டும் உங்க சொந்தப் பணத்துல. ஆறு மாச வீட்டுச் செலவுக்கான எமர்ஜென்சி ஃபண்டைத் தொடாம இது முடியலேன்னா, இது உங்களுக்கான நேரம் இல்ல.

7. முன்பணம் கட்டப் போறீங்கன்னா

நம்மள்ல பல பேர் தயாரிக்கிற பக்கத்தைவிட வாங்குற பக்கத்துலதான் இருப்போம். கேட்ஜெட்டோ, ஃபர்னிச்சரோ, எதுவா இருந்தாலும் முழுப் பணத்தையும் முன்னாடியே கட்டுற நிமிஷம் நீங்க வட்டியில்லாத, அடமானமில்லாத கடன் கொடுத்தவர். அந்தக் கம்பெனி விழுந்தா, வரிசையில பொதுவா பேங்குக்குப் பின்னாடிதான் நிப்பீங்க. அதனால போனாலும் இந்த மாசம் தூக்கம் கெடாத தொகையை மட்டும் கட்டுங்க. வேலை செய்ற மாதிரியைக் காட்டாதவங்க, திருப்பித் தர்ற விதியை எழுதாதவங்க, போன ஆர்டரே அனுப்பாம புது ஆர்டர் எடுக்கிறவங்க... இந்த மூணு பேர்கிட்டேயும் வேண்டாம்.

பிடிச்ச ஒரு பழைய பொருளை உயிரோட வச்சிருக்கிறது நல்ல காரியம்தான். அதைச் செய்றவங்க, அடுத்தவங்க கட்டின பணத்தைத் தன் பணம்னு ஒரு நாள்கூட நினைக்காதவங்களா இருந்தா இன்னும் நல்லது.

வீட்டுப்பாடம்: நாலாவது பகுதியில இருக்கிற கணக்குல விற்பனை விலையை 60-ல இருந்து 55 ஆக்கிப் பாருங்க. எத்தனை கூடு வித்தா போட்ட காசு திரும்பும்? விடையை கமென்ட்ல போடுங்க, அடுத்த வீடியோவுல சேர்ந்து சரிபார்ப்போம்.