மின்சைக்கிளும் நமது அவசரமும்



கடையிலிருந்து வாடிக்கைக்காரர்களின் வீட்டுக்குச் சாமான் கொண்டுபோய்க் கொடுப்பது நமக்குப் புதிதன்று. முன்னாளில் பின்னால் கூடை கட்டிய சைக்கிளில் பையன்கள் போவார்கள். சிங்கப்பூரில் இப்போது அந்த இடத்தை மின்சைக்கிள் பிடித்துக்கொண்டது. முக்கியமாக 2019-ம் வருஷம் நவம்பர் 5-ந் தேதி முதல் மின்ஸ்கூட்டர்கள் நடைபாதையில் ஓடக்கூடாது என்று தடை வந்தபின், வீடுவீடாகக் கொண்டுபோய்க் கொடுத்துப் பிழைப்பவர்கள் பலர் மின்சைக்கிளுக்கு மாறினார்கள். மாற்றிக்கொள்ள அரசாங்கம் பண உதவியும் செய்தது. அவர்களிடம் வேலை வாங்குகிற நம்மவர்களில் அந்த வண்டியைப் பற்றி அறிந்தவர் கொஞ்சமே. நாமும் அறியாதவராகவே இருந்தோம்.

முதலில் சட்டம் என்ன சொல்கிறதென்று பார்ப்போம். மின்சைக்கிளின் எடை 20 கிலோவுக்கு மேற்படக்கூடாது. மோட்டாரின் சக்தி 250 வாட்டுக்குள் இருக்க வேண்டும். மணிக்கு 25 கிலோமீட்டர் வேகம் வந்ததும் மோட்டார் தானே நின்றுவிட வேண்டும். காலால் மிதித்தால்தான் மோட்டார் துணை செய்யும்; மோட்டார் சைக்கிளைப் போலக் கையால் முறுக்கி ஓட்டும் பிடி கூடாது. நிலப் போக்குவரத்து ஆணையத்தின் ஆரஞ்சு முத்திரையும் நம்பர் பலகையும் வேண்டும். ஓட்டுபவனுக்கு 16 வயது நிரம்பியிருக்க வேண்டும். 2022 ஜனவரி முதல் எழுத்துத் தேர்விலும் தேறியிருக்க வேண்டும். சாலையிலும் சைக்கிள் பாதையிலும் போகலாம். நடைபாதையில் அறவே போகக்கூடாது.

250 வாட்டு மிகச் சொற்பம் என்று சிலர் நினைக்கிறார்கள். சாதாரண மனிதன் தொடர்ந்து மிதித்தால் அவன் கால் கொடுக்கும் சக்தி சுமார் 100 வாட்டுதான். ஆகவே அவனைப் போல இன்னும் இரண்டரை ஆள் கூடச் சேர்ந்து மிதிக்கிறார்கள் என்று கணக்கு. அரிசி மூட்டைக்கு இது தாராளம்.

இது போதாதென்று வண்டியைத் திருத்துகிறார்கள். வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவியை மாற்றிக் கட்டை அவிழ்த்துவிடுகிறார்கள். முறுக்குப் பிடி வைக்கிறார்கள். 36 வோல்ட் பேட்டரியை எடுத்து 48 வோல்ட் போடுகிறார்கள். வோல்ட் ஏறின அளவுக்கு மோட்டாரின் சுழற்சியும் ஏறும். ஆனால் பிரேக்கும் சட்டமும் சக்கரமும் பழைய கணக்குக்குச் செய்தவையே. ஐந்து கிலோ தராசில் இருபது கிலோவை வைத்துவிட்டு முள் சரியாக நிற்கிறதா என்று பார்ப்பது போலிருக்கிறது இது! ஒயரும் பேட்டரியும் அளவுக்கு மேல் சூடேறித் தீப்பிடிக்கும் அபாயம் தனி. அப்படிப்பட்ட வண்டியைக் கடைக்குள் பஞ்சுமூட்டை, எண்ணெய் டின்களுக்குப் பக்கத்தில் வைத்துச் சார்ஜ் ஏற்றுகிறவர்களும் நம்மில் இருக்கிறார்கள்.

வேகக் கணக்கையும் போட்டுப் பார்ப்போம். 25 கிலோமீட்டர் வேகத்தில் போகிறவன் ஒரு விநாடியில் 7 மீட்டர் போய்விடுகிறான். எதிரில் ஆளைக் கண்டு கை பிரேக்குக்குப் போக ஒரு விநாடி. பிடித்தபின் காய்ந்த தரையில் நிற்க இன்னும் 6 மீட்டர் போல. ஆக 13 மீட்டர். 50 கிலோமீட்டர் வேகமானால் கை போவதற்குள்ளேயே 14 மீட்டர், நிற்பதற்கு இன்னும் 24, ஆக 38. வேகம் இரட்டித்தால் மோதும் பலம் நாலு மடங்கு என்பதே இதன் காரணம். மழை பெய்த தரையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அடுக்குமாடி வீடுகளின் கீழே தூண் மறைவிலிருந்து ஒரு கிழவி வெளிவந்தால், பார்வைக்கு அகப்படுவது ஐந்தாறு மீட்டர்தான்.

அப்படி ஒரு கிழவி வெளிவந்ததைத்தான் இங்கே எழுத வேண்டியிருக்கிறது. நோன்பு மாதத்தில் ஒருநாள், நோன்பு திறக்க அரைமணி இருக்கையில், ஒரு வீட்டிலிருந்து கஞ்சிக்குத் தேங்காய்ப்பாலும் பேரீச்சம்பழமும் உடனே வேண்டுமென்றார்கள். தம்பி ஒருவனை அனுப்பினோம். வண்டி அவனுடையது, முறுக்குப் பிடி வைத்தது. நமக்கு அது தெரியும்; சீக்கிரம் போய்வருகிறான் என்று சந்தோஷப்பட்டிருந்தோம். நடைபாதை வழியாகப் போனவன் தூணோரத்தில் ஒரு சீனப் பாட்டியின்மேல் மோதிவிட்டான். பாட்டியின் மணிக்கட்டு முறிந்தது. ஆஸ்பத்திரிக்குப் பார்க்கப் போனோம். அந்த அம்மாள் நம்மைக் கண்டதும் கேட்டது, அந்த வீட்டார் சாப்பிடும் நேரத்துக்குள் சாமான் போய்ச் சேர்ந்ததா என்று.

வெளியே வந்து தம்பியை ஏசினோம். அவன் தலைகுனிந்தபடியே, “மாமா, நீங்கள் ரெண்டு தடவை போன் அடித்தீர்களே” என்றான். நமது போனை எடுத்துப் பார்த்தோம். அவன் புறப்பட்டு ஆறு நிமிடத்துக்குள் இரண்டு தடவை கூப்பிட்டிருக்கிறோம்.

ஓட்டினவன் குற்றம் என்று சொல்லி ஒதுங்கிவிடலாம். அவன் குற்றவாளிதான், அதற்குரிய தண்டனையை அடைந்தான். ஆனால் ஒரு நடைக்கு இவ்வளவு என்று கூலி பேசி, நடை எண்ணிக்கையைக் கூட்டு என்று சொல்லி, தாமதமானால் முகத்தைச் சுளித்தவர் யார்? வண்டியைத் திருத்தினது ஏதோ ஒரு பட்டறை; திருத்தும் ஆசையை அவனுக்கு உண்டாக்கினது நமது கல்லாப்பெட்டி. நிறுவையில் குறைத்தால் பிறர் ஹக்கைத் தின்றதாக அஞ்சுகிற நாம், நடந்து போகிறவனுக்குள்ள வழியைத் தின்பதை அப்படி நினைப்பதில்லை. 2025 ஜூலை முதல், பக்கத்திலேயே சைக்கிள் பாதை உள்ள இடங்களில் நடப்பவர்களுக்கென்றே ஒதுக்கிய பாதைகளில் சாதாரண சைக்கிள்கூடப் போகக்கூடாது என்று வந்துவிட்டது. அந்தப் பாதையில் நடப்பவர்களில் நம் தாய்மார்களும் பிள்ளைகளும் உண்டு.

இப்போது நம் கடையில் செய்வது இது. புதிதாக ஒருவன் வேலைக்கு வந்தால் வண்டியின் மோட்டார் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கிப் பிடித்து, மிதிக்காமல் சக்கரம் ஓடுகிறதா என்று பார்க்கிறோம். ஓடினால் அந்த வண்டி வேண்டாம். ஆரஞ்சு முத்திரையையும் நம்பரையும் எழுதி வைத்துக்கொள்கிறோம். கூலி நடைக்கு அல்ல, மணிக்கு. சாமான் ஏற்றிப் போனவனுக்குப் போன் அடிப்பதில்லை. வாடிக்கைக்காரரிடம் முக்கால் மணி ஆகும் என்று முன்னதாகவே சொல்லிவிடுகிறோம். நோன்பு மாதத்தில் அஸருக்குப் பின் வரும் ஆர்டரை வீட்டுக்கு அனுப்புவதில்லை. இதனால் இரண்டு வீட்டார் வேறு கடைக்குப் போய்விட்டார்கள். கூலிச் செலவும் மாதத்துக்குக் கொஞ்சம் ஏறியிருக்கிறது. மற்றவர்கள் காலையிலேயே சொல்லி வைக்கப் பழகிக்கொண்டார்கள்.